தோல்விக்குப் பின் கேட்க வேண்டிய கேள்வி

1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக வளர்ந்த நெய்வேலி நகரியத்தில், அண்டை வீட்டாரே பெரும்பாலும் உடன் பணியாற்றுவோராகவும் இருப்பதால், பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிய பிள்ளையை, தோல்வியைவிடப் பெற்றோரைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்ற வெட்கமே அதிகம் வருத்தக்கூடும். இத்தகைய அடிகள் தொடரும்போது, முயன்றும் பயனில்லை என்று மனம் முன்கூட்டியே முடிவுகட்டிவிடுவதை, உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் ஆராய்ந்து விளக்கினார். ‘கற்றறிந்த கையறுநிலை’ எனப்படும் அது சோம்பலன்று, காயம். தமிழக அரசு 2017-இல் தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டதும், தவறியோர் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுத வழியிருப்பதும் வரவேற்கத்தக்கவை. ஆயினும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிப்பதை விட்டு, எந்தக் கணக்கில் எந்தப் படியில் தடுமாற்றம் நேர்ந்தது என்று பெற்றோர் பரிவோடு கேட்டால்தான், அந்த இரண்டாம் வாய்ப்பு பிள்ளைக்கு உண்மையான வாய்ப்பாகும்.