கையெழுத்து போட மட்டும் அம்மா

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற வழியில் எங்கள் ஊர். பொங்கலுக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அக்கா ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, இந்தக் கேள்விக்கு எங்க பதில் இருக்குன்னு கொஞ்சம் கோடு போட்டுக் குடுத்துட்டுப் போப்பா." பையன் நான்காவது. அரசுப் பள்ளிதான், ஆனால் இங்கிலீஷ் மீடியம். அக்கா எட்டாவது வரை படித்தவர். மகளிர் குழுவின் கணக்கு நோட்டை அவர்தான் எழுதுகிறார். செடிக்கு வேர் எதற்கு என்பதுதான் கேள்வி. இருபது வருடமாக நாற்று நடுகிறவருக்கு இது தெரியாதா? தெரியும். கேள்வி என்னவென்றுதான் தெரியவில்லை.

2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. "பெற்றோர்தான் கேட்கிறார்கள்" என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்டார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்டது பிள்ளைக்கு இங்கிலீஷ். நாம் கொடுத்தது இங்கிலீஷில் அச்சடித்த அறிவியலும் கணக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஈராசிரியர் பள்ளியில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர், ஒரே அறையில் இரண்டு மீடியம். வரியை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் விளக்கி, விடையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர அந்த டீச்சருக்கு வேறு வழியில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இங்கே தமிழ்ப் பற்றாளர்கள் கைதட்ட வேண்டாம். மகளை சிபிஎஸ்இ-யில் சேர்த்துவிட்டு கிராமத்துப் பிள்ளைக்குத் தாய்மொழிக் கல்வியைப் பரிந்துரைக்கும் கூட்டத்தில் நான் இல்லை. எனக்குச் சோறு போடுவது இங்கிலீஷ்தான். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் முதல் செமஸ்டரில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் பத்தாவது வரை என் அம்மா பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டார். அந்த இடத்திலிருந்து அக்காவை எழுப்பிவிட்டோம். டைரியில் கையெழுத்து போடுவது மட்டும்தான் இப்போது அவர் வேலை. அதில் எழுதியிருப்பது பாராட்டா புகாரா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய ஊர் சிதம்பரம். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளையின் பாடு என்னவென்று இந்த வட்டாரத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. ஆந்திராவில் 2020-இல் அரசுப் பள்ளிகளுக்கு இருமொழிப் புத்தகம் போட்டார்கள்: ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் இங்கிலீஷ். அங்கே ஆங்கிலவழிக்கு மாறிய விதம் பற்றி எனக்கு வேறு சண்டைகள் உண்டு, அது இருக்கட்டும். நம்மிடம் ஒரே பாடம் இரண்டு மொழியிலும் ஏற்கெனவே அச்சாகிறது. எதிரெதிரே வைத்துக் கட்டினால் போதும். டைரியும் சுற்றறிக்கையும் தமிழில் வரட்டும். 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தெருப்பெண்களே திண்ணையில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்களே, அப்படி மாலையில் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பேசிப் பழக்க ஆள் வைக்கலாம். அதில் அம்மாக்களும் வந்து உட்காரட்டும்.

அக்காவுக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். அதிலிருந்து வாட்ஸப்பில் பக்கம் பக்கமாக போட்டோ வருகிறது. மீட்டிங் எல்லாம் முடிந்து நான் பதில் அனுப்ப ராத்திரி பத்தாகிவிடுகிறது. பையன் அதற்குள் தூங்கிவிடுகிறானாம்.