அப்லோடு ஆச்சு... ஆனா ஓடலையே!

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இரண்டே நாள்தான் இருக்கும். கையை நீட்டினால் தானாக மூடி திறக்கும் குப்பைத்தொட்டி செய்வதற்காக, பிள்ளை ஆர்டுயினோ யூனோ போர்டு ஒன்றை வாங்கி வைத்திருப்பான். சென்சார், சின்ன சர்வோ மோட்டார், கலர் கலராக ஜம்பர் ஒயர் எல்லாம் மாட்டியாயிற்று. கம்ப்யூட்டரில் 'டன் அப்லோடிங்' என்றும் வந்துவிட்டது. ஆனால், மூடி மட்டும் அசையவே இல்லை.

"போர்டு போச்சும்மா... வேற வாங்கித் தாங்க" என்று கேட்டால்கூடப் பரவாயில்லை. "எனக்கெல்லாம் இது வராது" என்று எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம். இத்தனைக்கும் ஆர்டுயினோ, 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் பயன்படுத்த வேண்டும் என்றே உருவாக்கப்பட்டது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். புரோகிராம் சிப்புக்குள் போய்ச் சேர்வது ஒரு வேலை. சிப் அதை ஓட்டுவது இரண்டாவது வேலை. சிப் சொன்னபடி மோட்டாரும் சென்சாரும் கேட்பது மூன்றாவது வேலை. 'டன் அப்லோடிங்' என்பது முதல் வேலைக்கான சான்றிதழ் மட்டுமே. மற்ற இரண்டில் எது நின்றுபோனது என்று பிரித்துப் பார்த்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

வெறும் போர்டோடு ஆரம்பியுங்கள்

யு.எஸ்.பி. கேபிளை உருவிவிட்டு, போர்டில் மாட்டியிருக்கும் எல்லா ஒயர்களையும் கழற்றுங்கள். பிறகு கேபிளை மட்டும் செருகி, ஆர்டுயினோ மென்பொருளில் ஃபைல், எக்ஸாம்பிள்ஸ், பேசிக்ஸ் என்று போய் 'பிளிங்க்' புரோகிராமைத் திறந்து அப்லோடு செய்யுங்கள். போர்டில் 'எல்' என்று குறித்திருக்கும் சின்ன விளக்கு ஒரு விநாடி எரிந்து, ஒரு விநாடி அணைய வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. புது போர்டுகள் பலவற்றில் இந்த பிளிங்க் புரோகிராம் ஏற்கெனவே ஏற்றப்பட்டே வரும். அதனால் விளக்கு கண் சிமிட்டுவதை வைத்து அப்லோடு ஆகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. புரோகிராமில் 'டிலே' என்ற இரண்டு இடத்திலும் இருக்கும் 1000 என்ற எண்ணை 200 ஆக மாற்றி அப்லோடு செய்யுங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டினால் கேபிள், போர்டு, கம்ப்யூட்டர் மூன்றும் நலம்.

அப்லோடே ஆகவில்லையா?

ஆரஞ்சு நிறத்தில் ஏதேதோ எழுத்துகளும் 'நாட் இன் சிங்க்' என்ற வார்த்தைகளும் வந்தால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் கூப்பிட்டதற்கு போர்டு பதில் சொல்லவில்லை என்பதுதான் அதன் பொருள். வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

* கேபிள்: சில யு.எஸ்.பி. கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டுமே இருக்கும். போர்டில் பவர் விளக்கு எரியும், ஆனால் தகவல் போகாது. வேறொரு கேபிள் போட்டுப் பாருங்கள்.

* டூல்ஸ் மெனு: அங்கே போர்டின் பெயர் சரியாக இருக்கிறதா? விண்டோஸில் 'காம் 3', 'காம் 5' என்று இணைப்பு எண் வரும். கேபிளை உருவினால் எந்த எண் மறைகிறதோ அதுதான் உங்கள் போர்டு. யூனோவுக்குப் பதில் நானோ வைத்திருப்பவர்கள், அதே மெனுவில் புராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதையும் ஒருமுறை தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

* டிரைவர்: விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் 'சி.எச். 340' என்ற யு.எஸ்.பி. சிப் இருக்கும். கம்ப்யூட்டரில் அதற்கான டிரைவர் இல்லையென்றால் இணைப்பு எண்ணே வராது.

* 0, 1 எண் பின்கள்: கம்ப்யூட்டரோடு போர்டு பேசுவது இந்த இரண்டின் வழியாகத்தான். சென்சாரை இவற்றில் மாட்டினால் அப்லோடு தடைபடும். வேறு பின்னுக்கு மாற்றிவிடுங்கள்.

பிளிங்க் ஓடுகிறது, புராஜெக்ட் ஓடவில்லையா?

அப்படியானால் சந்தேகம் ஒயர், கரன்ட், கோடு மூன்றின் பக்கம் திரும்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள். சென்சாரை மட்டும் மாட்டி தூரத்தைப் படிக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மோட்டாரை மட்டும் மாட்டிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே சரியானால் பிறகு சேருங்கள். கோடில் 9 என்று எழுதிவிட்டு ஒயரை 8-ல் செருகியிருப்பது ரொம்ப சாதாரணமான தவறு. அதையும் எண்ணிப் பாருங்கள்.

குப்பைத்தொட்டி மாதிரியான புராஜெக்டில் தொல்லை தருவது பெரும்பாலும் மோட்டார்தான். சர்வோ அசையத் தொடங்கும் நொடியில் நிறைய கரன்ட் இழுக்கும். போர்டின் 5 வோல்ட் சரிந்து, சிப் ரீசெட் ஆகி, புரோகிராம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பவருக்கு 'ஓடவே இல்லை' என்றுதான் தோன்றும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 'செட்டப்' பகுதியில் சீரியலைத் தொடங்கி, 'ஸ்டார்ட்' என்று ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். சீரியல் மானிட்டரைத் திறக்கும்போது யூனோ தானாகவே ஒருமுறை ரீசெட் ஆகும் என்பதால், அந்த வார்த்தை ஒருமுறை வருவது இயல்பு. மூடி அசையும்போதெல்லாம் வந்தால் கரன்ட் போதவில்லை என்று அர்த்தம். எழுத்துகள் கிறுக்கலாக வந்தால், கோடிலும் மானிட்டரிலும் 9600 என்ற ஒரே வேகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டாருக்கு நான்கு ஏ.ஏ. பேட்டரி கொண்ட தனி ஹோல்டர் வைக்கலாம். சின்ன சதுர 9 வோல்ட் பேட்டரி இதற்குத் தாங்காது. பேட்டரியின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மோட்டார் சொன்னபடி கேட்காது.

ஒயரும் கரன்ட்டும் சரி என்றால் கோடு. 'இஃப்' வரியின் கடைசியில் கை தவறி ஒரு அரைப்புள்ளி விழுந்தால், நிபந்தனைக்கு மதிப்பே இருக்காது. மூடி எப்போதும் திறந்தே கிடக்கும். சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி வேண்டும். ஒன்று மட்டும் போட்டால், அந்த மதிப்பை வைத்துக்கொள் என்று சிப் எடுத்துக்கொள்ளும். மென்பொருள் இவற்றைப் பிழை என்று சொல்லாமல் அப்லோடு செய்துவிடும் என்பதுதான் சிக்கல்.

நிஜமாகவே கெட்டுவிட்டதா?

எல்லாம் பார்த்தும் அப்லோடு ஆகவில்லை என்றால் கடைசிச் சோதனை. ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு ஒயரால் இணையுங்கள். 0, 1 பின்களை இன்னொரு ஒயரால் இணையுங்கள். சீரியல் மானிட்டரில் எதையாவது டைப் செய்து அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யு.எஸ்.பி. சிப் எல்லாம் சரி. சந்தேகம் பெரிய சிப்பின் மேல்தான். சாக்கெட்டில் செருகிய நீளமான சிப் உள்ள யூனோ என்றால், பூட்லோடர் ஏற்றிய ஏடிமெகா 328பி சிப்பை மட்டும் வாங்கி மாற்றினால் போதும், முழு போர்டு தேவையில்லை. சிப் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே கேபிளை உருவிவிடுங்கள்.

இதற்கெல்லாம் அம்மா, அப்பாவுக்கு கோடு எழுதத் தெரிய வேண்டியதில்லை. "கடைசியா எப்ப ஓடுச்சு? அதுக்கப்புறம் எதை மாத்தினே?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். ஓடிய கோடைத் தனிப் பெயரில் சேமித்து வைப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை நோட்டில் எழுதுவது என்ற மூன்று பழக்கம் வந்துவிட்டால், அடுத்த முறை பிள்ளைகளே பிழையைத் தேடிப் பிடித்துவிடுவார்கள்.