கை கற்கும் பாடம்

துவிச்சக்கர வண்டி ஓட்டக் கற்ற ஒருவர் இருபது ஆண்டுகள் அதனைத் தொடாதிருந்த போதிலும், மறுபடி ஏறி அமர்ந்தவுடன் சிறிது தள்ளாடிவிட்டுச் செவ்வனே ஓட்டிச் செல்கின்றார். பள்ளிக்கூடத்தில் மனனஞ் செய்த பாடத்தைக் கேட்டாலோ தலையைச் சொறிகின்றார். இதனைக் ‘கைப்பழக்கம்’ என்று கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். ஆனால், உண்மையிற் பழகுவது கையன்று, மூளையே.

மூளையில் அறிவுக்கு ஓரிடமும் பழக்கத்துக்கு வேறோரிடமும் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு நோயாளி. அமெரிக்கரான ஹென்றி மொலேய்சன் என்னும் இளைஞருக்கு, வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு 1953ஆம் ஆண்டில் மூளையிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. வலிப்புத் தணிந்தது, ஆனால், புதிய நிகழ்ச்சிகளை நினைவில் இருத்தும் ஆற்றல் அவரை விட்டு நீங்கிற்று. 1955இல் பிரெண்டா மில்னர் என்னும் உளவியல் அறிஞர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மாத்திரம் பார்த்து ஒரு நட்சத்திர உருவத்தை வரையும்படி அவரைக் கேட்டார். மூன்று நாட்களில் அவருடைய கை நன்றாகத் தேர்ச்சி பெற்றுவிட்டது. வியப்பு யாதெனில், அப்படி ஒரு பயிற்சி செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இருக்கவில்லை!

இத்தகைய பழக்கங்கள் உருவாகும் இடங்களுள் முக்கியமானது, தலையின் பின்புறத்திற் கீழாக அமைந்த சிறுமூளை. அளவில் மூளையின் பத்திலொரு பங்குதான். ஆயினும், மூளையிலுள்ள ஏறத்தாழ 8600 கோடி நரம்புக் கலங்களுள் 6900 கோடி வரையில் இங்கேயே இருக்கின்றன. அவற்றுட் பெரியவை, செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1837இல் விவரித்து, அவர் பெயராலேயே வழங்கும் கலங்கள். இத்தகைய கலம் ஒன்றுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய நார்கள், கை எங்கே இருக்கிறது, கண் எதைக் காண்கிறது என்பன போன்ற செய்திகளைக் கொண்டு வருகின்றன. இவற்றோடு, கமுகைச் சுற்றும் வெற்றிலைக் கொடிபோல ஒரேயொரு தனி நாரும் அதன்மீது படர்ந்து ஏறுகின்றது. அது கொண்டு வரும் முக்கிய செய்தி, “பிழை நேர்ந்தது” என்பதாகும்.

இரண்டு செய்திகளும் மீண்டும் மீண்டும் ஒரே வேளையில் வந்து சேர்ந்தால் யாது நிகழும்? ஜப்பானிய விஞ்ஞானி மசாவோ இட்டோவும் அவருடைய உடனாய்வாளர்களும் 1982இல் இதற்கு விடை கண்டனர். தனி நாரோடு ஒரே வேளையில் தொழிற்பட்ட மெல்லிய நார்களின் தொடர்பு தளர்ந்து, அத்தளர்ச்சி நீடித்து நின்றது.

பிற்காலத்து ஆராய்ச்சிகள் இத்தளர்ச்சியை மூலக்கூறுகள் வரையிற் சென்று விளக்கின. மெல்லிய நாரின் நுனியிலிருந்து குளுற்றமேற்று என்னும் பொருள் கசிகின்றது. அதனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் புர்க்கின்யே கலத்தின் மேற்பரப்பில் உள்ளன. இவற்றை வாங்கிகள் என்பர். பிழைச் செய்தி வந்ததும் கலத்தினுட் கல்சியம் பெருகுகின்றது. அது தூண்டிய நொதியங்கள் வாங்கிகளிற் பொசுபேற்றை இணைக்கவே, வாங்கிகள் பிடி தளர்ந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. வாயில் குறைந்தது; பிழைக்குக் காரணமான செய்தியின் வலுவும் குறைந்தது. கற்பதென்றாற் சேர்ப்பது மாத்திரமன்று, தளர்த்துவதுங்கூட என்பது இதனால் விளங்குகின்றது.

எனினும், இஃதொன்றே வழி என்று கொள்ளலாகாது. இவ்வாறு தளர்த்த இயலாத சுண்டெலிகளும் புதிய அசைவுகளைக் கற்றுக்கொண்டதை 2011இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சில தொடர்புகளை வலுப்படுத்துவதும் இக்கல்விக்குத் துணை செய்கின்றது. எவ்வழியாயினும், பிழை உணரப்படுவது கையின் கல்விக்கு இன்றியமையாதது.

“மாஸ்ரர், அடித்துச் சொல்லியும் இவன்ரை கையெழுத்துத் திருந்துதில்லை” என்று எம்மிடம் முறையிடும் பெற்றோர் பலர். அவர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். அடி விழுந்தாற் பிள்ளையின் கவனம் எழுத்தின் வளைவை விட்டுப் பிரம்பின்மேற் செல்லும். கையைப் பிடித்து நீங்களே எழுதினாலோ, தன் பிழையைத் தானே அறியும் வாய்ப்பு அதற்கு இல்லாது போகும். ஓர் எழுத்தை நூறு முறை எழுதுவிப்பதை விடுத்துப் பத்து முறை எழுதவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு எங்கே விலகிற்று என்பதைப் பிள்ளையே கண்டு சொல்லட்டும். நாளைக்கும் அவ்வாறே எழுதட்டும். பிழை விடும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணி மனம் வெதும்ப வேண்டியதில்லை. அதன் சிறுமூளை அப்பொழுதுதான் பாடங் கேட்டுக்கொண்டிருக்கின்றது.