காகிதம் கொடுக்காதவர்களே காகிதம் கேட்பதா?

கோலார் தங்கவயலில் கடன் அட்டைக்கு மனுப்போட்ட நம் பிள்ளைகள் படும் பாட்டை இந்த இதழில் எழுத வேண்டியிருக்கிறது. "கிரெடிட் கார்டு ஓர் அரசியல் பிரச்சினையா?" என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். அரசியல் பிரச்சினைதான் என்கிறோம். தான் யார், எங்கே குடியிருக்கிறோம் என்பதை ஓர் உழைப்பாளி ஓயாமல் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், அது அரசியல் அல்லாமல் வேறென்ன?

நடப்பது இதுதான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்பும் நம் இளைஞனுக்கு வங்கியிலிருந்தே போன் வருகிறது. "சார், உங்களுக்குக் கார்டு தயார். பான், ஆதார் இரண்டும் போதும்" என்று தேனொழுகப் பேசுகிறார்கள். கொடுத்தான். மறுவாரம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள், கொடுத்தான். பிறகு ஆறு மாதக் கணக்கு விவரம் கேட்டார்கள். அந்தக் கணக்கு இருப்பதே அவர்கள் வங்கியில்தான்! தங்கள் பேரேட்டைத் தாங்களே புரட்டிப் பார்க்க முடியாதவர்களா இவர்கள்? அதையும் கொடுத்தான். அப்புறம் வந்தது வினை. அவன் பெயரிலேயே லைட் பில் வேண்டுமாம். இல்லையென்றால் வீட்டுப் பத்திரம். அதுவும் இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம். லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் யாரிடம் வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்குவான்? பெற்ற அப்பனிடமா? கடைசியில் ஒரு குறுஞ்செய்தி: உள் விதிகளின்படி மனு ஏற்கப்படவில்லை. எந்த விதி? பதில் இல்லை. அவன் கடன் கேட்ட சேதி மட்டும் சிபிலில் பதிவாகி நிற்கிறது.

வங்கியின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. இது ஒரே ஒரு வங்கியின் குணம் என்று எவரும் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதவில்லை. 'நெகட்டிவ் ஏரியா' என்று வங்கி வட்டாரத்தில் ஒரு சொல் புழங்குகிறது. ஊரையே, தெருவையே ஒதுக்கி வைக்கும் சொல். தீண்டாமைக்கு ஆங்கிலத்தில் புதுப் பெயர் வைத்துவிட்டால் அது நிர்வாக விதியாகிவிடுமா?

லைன் வீடு எப்படி வந்தது என்பதைக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் நம் முன்னோர் பூமிக்குள் இறங்க அழைத்து வரப்பட்டார்கள். கம்பெனி காட்டிய இடத்தில் குடியிருந்தார்கள். 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. முதலாளி மாறினான், லைன் மாறவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை இழுத்து மூடினார்கள். வேலை போயிற்று, வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு நடையாய் நடந்த கால்கள் தேய்ந்தன. பத்திரம் தராதது அரசு; "பத்திரம் எங்கே?" என்று கேட்கும் வங்கிகளில் பலவற்றின் பெரும்பங்கு முதலாளியும் அதே அரசு! சிவசமுத்திரத்திலிருந்து 1902இல், பெங்களூருக்கே முன்னதாக, மின்சாரம் வந்த ஊர் இது. அந்த ஊர்க்காரனிடம் லைட் பில் இல்லை என்று கார்டை மறுக்கிறார்கள்!

அடையாளம் கேட்பது நமக்குப் புதிதுமல்ல. 1930இல் சுரங்கக் கம்பெனிகள் கைரேகை வைத்துத் தொழிலாளரைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டு வந்தபோது தங்கவயல் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தது. குற்றவாளியிடம் வாங்குவதைப் போல எங்களிடம் ரேகை வாங்காதே என்பது அந்தக் கோபம். அந்தத் தொழிலாளியின் பேரன்தான் இன்று பெருவிரலையும் கருவிழியையும் கொடுத்துவிட்டு, அதுவும் போதாது என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

"சட்டம் கேட்கச் சொல்கிறது" என்பார்கள். சட்டத்தையே பார்ப்போம். 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் வாடிக்கையாளர் யார் என்று அறியச் சொல்கிறது. அதை நாம் எதிர்க்கவில்லை. கார்டு மனுவுக்குப் பான் எண் கேட்பதும் முறையான கேள்விதான். ஆனால் ரிசர்வ் வங்கி வகுத்த விதியில் ஏற்கத்தக்க ஆவணங்கள் பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளன: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம். இவற்றில் ஒன்று, இப்போதைய முகவரியோடு இருந்தால் முகவரிக்கும் அதுவே சான்று. அதில் பழைய முகவரி இருந்தால்தான் லைட் பில், வரி ரசீது, பொதுத்துறை நிறுவனத்தின் வீடு ஒதுக்கீட்டுக் கடிதம் முதலியவற்றின் பேச்சே வருகிறது. வாக்காளர் அட்டையில் லைன் வீட்டு முகவரியே இருக்கும்போது லைட் பில் எதற்கு? ஆதாரைத்தான் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயமாக இணைக்கச் சொன்னதை 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது.

கடன் கொடுப்பவன் வருமானத்தை விசாரிக்கட்டும், அது வேறு. ஆனால் அதை 'கே.ஒய்.சி.' என்று பெயரிட்டு, வாரத்துக்கு ஒரு காகிதமாக இழுத்தடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சில்லறை மனிதனிடம் இத்தனை கறார் காட்டும் இதே வங்கித் துறையில்தான், பேரேட்டில் ஏறாத உறுதிக் கடிதங்களின் பேரில் ரூ.13,000 கோடிக்கு மேல் போனது 2018இல் வெளியே வந்தது. அந்த வைர வியாபாரிகளிடம் யார் லைட் பில் கேட்டார்கள்?

பெயர்க் கூத்து தனி. நமக்கு அப்பா பெயர் முன்னெழுத்து. வங்கியின் படிவத்துக்கோ 'குடும்பப் பெயர்' இல்லாமல் வயிறு நிறையாது. பானில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வாக்காளர் அட்டையில் ஒற்றை எழுத்தாக இருக்கும். கன்னடத்தில் ழகரம் இல்லை. பழனி அங்கே பளனி ஆகி, ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொன்றாகித் திரும்புகிறான். எழுத்துப் பிழை செய்தவர் அலுவலகத்து எழுத்தர். ஆள்மாறாட்டச் சந்தேகம் பழனியின் மேல்!

கார்டு கிடைத்தால் விமோசனம் என்றும் நாம் சொல்ல வரவில்லை. முழுத் தொகையைக் கட்டத் தவறினால் மாதம் மூன்றரை சதவிகிதத்துக்கு மேலும் வட்டி ஏறலாம். 30 சதவிகிதத்துக்கு மேல் ஆண்டு வட்டி நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதையும் உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆனால் நள்ளிரவில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அட்டை உள்ளவன் தேய்த்துவிட்டு உள்ளே போகிறான், அட்டை இல்லாதவன் தாலியை அடகுக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கார்டு வேண்டுமா வேண்டாமா என்பதை நம் பிள்ளை முடிவு செய்யட்டும். அவன் தெருப் பெயர் முடிவு செய்யக் கூடாது.

ஆகவே தோழர்களே, கெஞ்சாதீர்கள், எழுதிக் கேளுங்கள். என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை ஒரே பட்டியலாக எழுத்தில் தரச் சொல்லுங்கள். கார்டு மனுவை மறுத்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. 'உள் விதி' என்பது காரணமாகாது. ஏஜெண்டின் வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பாதீர்கள், ஓ.டி.பி.யை எவனுக்கும் சொல்லாதீர்கள். நகலின் குறுக்கே எந்த வங்கிக்கு, எதற்காக என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. கார்டைக் கொடு என்று அவர் உத்தரவிட மாட்டார், அது வங்கியின் வணிக முடிவு. காரணம் சொல்லாமல் மறுத்ததை, கேட்கக் கூடாததைக் கேட்டதை அவர் முன் வைக்கலாம்.

மறுப்புக் குறுஞ்செய்தி வந்தவர்கள் அதை அழித்துவிடாமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை பேர், எந்த லைன், எந்தக் காகிதம் கேட்டார்கள் என்று நாம் குறித்து வைக்கிறோம். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மனு எழுதத் தெரிந்த தோழர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். காசு வாங்க மாட்டார்கள்.