ஊசி வைத்திருந்தால் ஜெயில்... 4,000 பேர் ஊரில் எச்.ஐ.வி பரவியது எப்படி?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஒரு ஊர். மக்கள்தொகை சுமார் 4,200. அது இருக்கும் ஸ்காட் கவுன்டியில் எச்.ஐ.வி தொற்று வருஷத்துக்கு 5 பேருக்குக்கூட வராது. ஆனால் 2014 நவம்பரில் தொடங்கி, ஒரே வருஷத்தில் 181 பேருக்குத் தொற்று உறுதியானது.

காரணம், ‘ஒபானா’ என்ற வலி மாத்திரை. விழுங்க வேண்டியதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். சிலர் ஒரு நாளைக்கு 15 முறை வரை. அத்தனை புது ஊசிக்கு எங்கே போவது? அந்த மாநிலச் சட்டப்படி, போதைக்காக சிரிஞ்ச் வைத்திருப்பதே சிறைக்கு அனுப்பும் பெருங்குற்றம். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்கும் மையங்களுக்கும் அனுமதி இல்லை. கவுன்டியில் இருந்த ஒரே எச்.ஐ.வி பரிசோதனை மையமும் 2013-லேயே மூடப்பட்டிருந்தது. ஒரே ஊசி கை மாறிக்கொண்டே இருந்தது.

‘ஊசி கிடைக்கலைன்னா விட்டுடுவாங்க’ என்பதுதான் இப்படிப்பட்ட சட்டங்களின் கணக்கு. போதை இறங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, நடுக்கம், உடம்பு வலி என்று துடிக்கிறவரிடம் இந்தக் கணக்கு எடுபடாது. கையில் கிடைத்த ஊசியைப் போட்டுக்கொள்வார்.

ஊசி மட்டுமல்ல, மருந்தைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, கலக்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் ஒட்டிக்கொள்ளும். சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஸ்காட் கவுன்டியில் எச்.ஐ.வி வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் இருந்தது.

2015 ஜனவரியிலேயே அதிகாரிகளுக்கு விஷயம் தெரியும். ஆளுநர் மைக் பென்ஸ் அவசரநிலை அறிவித்து ஊசி மாற்று மையத்தை அனுமதித்தது மார்ச் 26-ல். இரண்டு மாதம்! அப்போதும் சிரிஞ்ச் சட்டம் அப்படியேதான் இருந்தது. மையத்தில் பதிவு செய்தவருக்கு ஒரு அடையாள அட்டை. அட்டை இல்லாதவரிடம் ஊசி சிக்கினால் வழக்கு. ஒரு கை கொடுக்க, இன்னொரு கை பிடித்தது.

‘அரசாங்கமே ஊசி கொடுக்கிறதா?’ என்ற தயக்கம் நியாயமானதுதான். பிள்ளையை போதைக்குப் பறிகொடுத்த வீட்டில் இதைச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த மையத்துக்கு வந்தவர்தான் ரத்தப் பரிசோதனைக்கும் உட்கார்ந்தார், சிகிச்சைக்கும் சம்மதித்தார். வேறு எங்கேயும் அவர் கண்ணில் படுவதில்லை.

இந்தியாவில் மத்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே தொண்டு நிறுவனங்கள் வழியாக இலவச ஊசி தருகிறது. ஆனால் போதைத் தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, போதைப்பொருள் எடுத்துக்கொள்வதே குற்றம். ஊசி வாங்க வருகிறவர் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. நாட்டில் பெரியவர்களிடையே எச்.ஐ.வி சுமார் 0.2%. ஊசி வழி போதை எடுப்பவர்களிடம் சுமார் 9%.

ஸ்காட் கவுன்டிக்கு வருவோம். மையம் வந்த பிறகு புதிய தொற்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2021 ஜூனில் கவுன்டி நிர்வாகிகள் மூவர் கூடி வாக்களித்தார்கள். 2-க்கு 1 என்ற கணக்கில், அந்த மையத்தை மூடுவது என்று முடிவானது.