வீட்டின் பாதி நிற்பது கொட்டிய மண்ணில்

எஹலியகொடவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சமதரை அரிது. வீடு கட்டக் காணி ஒதுக்கப்பட்டால், பெக்கோ வந்து மேட்டை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்துப் பக்கம் தள்ளித் தளம் அமைக்கும். அதன்மேல் எழும் வீட்டின் பாதி இறுகிய பழைய தரையிலும் மீதி புதிதாகக் கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. இங்குள்ள செம்மண் காய்ந்திருக்கையில் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும்; துகள்களுக்கிடையே உள்ள சிறிதளவு ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருப்பதே காரணம். அடைமழை ஊறினால் அந்தப் பிடி போய்விடும். நிரப்பிய பக்கம் தாழ்கிறது, சுவர் வெடிக்கிறது. மேசனைக் குறை சொல்லி, சீமெந்து பூசி மறைத்துவிடுகிறோம். கோளாறோ அத்திவாரத்துக்கும் கீழே கிடக்கிறது.

அந்த நிரப்பு மண்ணில் செயற்கைத் தும்பு கலந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மண்சுவருக்கு வைக்கோல் சேர்த்து மிதித்தவர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். 12 மில்லிமீற்றர் அளவில் நறுக்கிய பொலிப்புரொப்பிலீன் இழைகளை, மண்ணின் உலர் நிறையில் அரை சதவீதமளவு கலந்து இறுக்கினால், பிளவு விழ முனையும் இடத்தில் அவை குறுக்கே நின்று பிடிக்கின்றன. 1983இல் கிரே, ஒஹாஷி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இழை கலந்த மணலில் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். பின்னர் களிமண்ணிலும் பலர் இதைச் சோதித்தார்கள். வலிமை கூடுவதைவிடப் பெரிய பயன், உச்சச் சுமையைத் தாண்டிய பிறகும் மண் திடீரெனக் கைவிடாமலிருப்பது. வெயிலில் வெடிக்கும் பிளவுகளும் குறைகின்றன. மழைநீர் உள்ளே இறங்குவது அந்தப் பிளவுகள் வழியாகத்தானே.

தென்னந்தும்பு இருக்கும் நாட்டில் பிளாஸ்டிக் எதற்கு என்று கேட்பார்கள். புல் வேரூன்றும்வரை சரிவை மூடிவைக்கத் தென்னந்தும்பே நல்லது. ஆனால் ஈரமண்ணில் அது சில ஆண்டுகளில் உக்கிவிடும். வீடோ பிள்ளைகள் காலத்துக்கும் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் ஓடைக்குப் போகும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே திறந்த சரிவில் அதைச் சேர்க்கவே கூடாது, வீட்டுக்கு அடியில் மூடப்பட்ட நிரப்பு மண்ணோடு நிறுத்த வேண்டும். ஈரக் களிமண்ணில் இழை உருண்டையாகத் திரளும் என்பதும் உண்மை. மழையற்ற நாட்களில், மெல்லிய படைகளாகக் கலந்து இறுக்கினால்தான் வேலை சரிவரும். இறுக்காத மண்ணுக்கு எந்தத் தும்பும் உதவாது.

இவற்றைவிடக் கனமான மறுப்பு, இது பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடும் என்பது. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயமும் புதையுண்டது. மேலேயிருந்து மலை இறங்கிவரும்போது, வீட்டின் கீழே ஒரு மீற்றர் மண்ணில் கலந்த இழை ஒன்றும் செய்யாது. மண்சரிவு அபாயம் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வீடு கட்ட ஆகாது என்று சொன்ன இடம் தும்பு கலந்தாலும் ஆகாததே. ஆகும் என்று சொன்ன இடத்திலும் முதல் செலவு வடிகாலுக்கு, அடுத்ததுதான் இதற்கு.

அந்நிறுவனமும் தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சும் எஹலியகொடவில் ஒரே சரிவில் நான்கு தளங்களை அமைக்கட்டும். இரண்டில் தும்பு கலந்து, இரண்டில் கலக்காமல் விட்டு, இரண்டு பருவமழைக்கு எது எவ்வளவு தாழ்கிறதென்று அளக்கட்டும். அந்த அளவீடுகளைக் குடியிருக்கப் போகிறவர்கள் படிக்கும்படி தமிழிலும் வெளியிடட்டும்.