சைலன்சரைத் துடைக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை

இந்த வாரம் மிளகுக் கொடிக்கு மருந்து வைக்கிறதைப் பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் எழுதறேன். இன்னைக்கு மனசுல வேற ஒண்ணு கிடந்து உறுத்துது. படிச்சிட்டு என்னைத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க.

ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுக்குக் கீழே, ரோட்டை ஒட்டி ஓடற ஓடையில அஞ்சு பைக் நின்னுச்சு. எல்லாம் வெளியூர்ப் பிள்ளைங்க. ராத்திரி மழையில ஓவேலி ரோட்டுச் சேறு முழுக்க வண்டியில அப்பியிருக்கு. அஞ்சு பேரும் குத்த வெச்சு சைலன்சரைத் தேய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் கையில கக்கூஸ் கழுவற ஆசிட் பாட்டில். இன்னொருத்தன் கையில பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். ஊத்தறது, தேய்க்கிறது, ஓடைத் தண்ணியை அள்ளி அலசறது. நுரை பாட்டுக்குக் கீழே போகுது.

"தம்பி, இந்தத் தண்ணியைத்தான் கீழே நாப்பது வீடு குடிக்குது"ன்னு சொன்னேன். "சாரி அங்கிள், கொஞ்சம்தான் ஊத்தினோம்"னு ஒரு பையன் எழுந்து நின்னான். மரியாதை தெரிஞ்ச பையன், கெட்டவன் இல்லை. அதனாலதான் கத்தாம வந்துட்டேன். கத்த வேண்டியதை இங்கே எழுதறேன்.

முதல்ல தண்ணி விஷயம். எங்க ஓடை பாண்டியாத்துல போய்ச் சேருது. பாண்டியாறு கேரளாவுக்குள்ள இறங்கி, சாலியாத்தோட கலந்து, பேப்பூர்ல கடலுக்குப் போகுது. ஆரம்பிக்கிற இடத்துலயே ஆசிட் ஊத்தினா, அது குடிக்கிற எத்தனை வாயைத் தாண்டிப் போகணும்னு யோசிச்சுப் பாருங்க. எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு ஊத்துத் தண்ணிதான். குழாயைப் போட்டு இழுத்து வெச்சிருக்கோம். நீங்க நிக்கிற இடம் உங்களுக்கு வாட்டர் சர்வீஸ். எங்களுக்கு அது தண்ணித் தொட்டி.

ரெண்டாவது, அந்த ஆசிட் உங்க சைலன்சருக்கே ஆகாது. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவன். ஆனா இருபது வருஷம் பழைய ஜீப் வெச்சு ஓட்டினவன், கூடலூர் பட்டறைகள்ல உக்காந்து பாத்தவன். எவர்சில்வர்ல துரு ஏன் பிடிக்கிறதில்லை? அதுல குரோமியம் கலந்திருக்கு, நூத்துக்குப் பத்தரை பங்காவது இருக்கும். வீட்டுப் பாத்திரத்துல பதினெட்டு பங்கு வரைக்கும் இருக்கும். அந்தக் குரோமியம் காத்தோட சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிசுத் தோலை மேலே போட்டுக்குது. கீறினாலும் காத்து பட்டதும் தானா ஆறிக்கும். 1913ல இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ல ஹாரி பிரேர்லிங்கிறவர் துப்பாக்கிக் குழலுக்கு நல்ல எஃகு தேடப்போய்த்தான் இந்த வகையைக் கண்டுபிடிச்சார்.

கக்கூஸ் ஆசிட்ல இருக்கறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அது அந்தத் தோலைத் தின்னுடும். அன்னைக்குப் பளபளன்னு தெரியும். ரெண்டு மாசத்துல ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியா ஓட்டை விழும். இரும்புக் கம்பி நார் போட்டுத் தேய்ச்சா அதோட தூள் சைலன்சர்ல ஒட்டிக்கிட்டு, மழை பட்டதும் அந்தத் தூள் துருப்பிடிக்கும். அப்புறம் "எவர்சில்வர்னு சொல்லி ஏமாத்திட்டான்"னு கடைக்காரனைத் திட்டுவீங்க. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாம்னு வீட்டுல யோசனை சொல்லுவாங்க. அது பித்தளைக்கும் செம்புக்கும் சரி. எவர்சில்வருக்கு அந்த உப்பு எமன்.

சரியான முறை ரொம்ப சுலபம். வண்டி நல்லா ஆறணும், சூட்டோட தண்ணி ஊத்தக் கூடாது. சாதாரண பாத்திர சோப்பு, மெத்துன்னு ஒரு துணி போதும். போகாத கறைக்கு எவர்சில்வருக்குன்னே விக்கிற பாலிஷ் பேஸ்டைக் கொஞ்சமா எடுத்து, உலோகத்துல கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே தேய்க்கணும். சுத்திச் சுத்தித் தேய்ச்சா வட்ட வட்டமா கீறல் விழும். கடைசியா நல்ல தண்ணியில கழுவி, ஈரமில்லாம துடைக்கணும். இதை உங்க வீட்டு வாசல்ல செய்யுங்க, எங்க ஓடையில வேண்டாம்.

பெண்ட் பைப்புல பொன் நிறமும் நீல நிறமும் ஏறுதே, அது அழுக்கு இல்லை. சூட்டுல அந்த மேல்தோல் தடிமனாகறதால வர்ற நிறம். முந்நூறு டிகிரி வாக்குல வைக்கோல் நிறம் வரும், ஐந்நூத்தி நாப்பது வாக்குல நீலம் வரும். துடைச்சாலும் அடுத்த நடுவட்டம் ஏத்தத்துல திரும்ப வரும். அதை விட்டுடுங்க. உழைச்ச வண்டிக்கு அது அடையாளம்.

இதுவரைக்கும் சொன்னது வெளிப்பக்கம். எனக்குக் கோவம் அந்தக் குழாயோட உள்பக்கத்து மேலதான்.

அந்த அஞ்சு வண்டியும் கிளம்பினப்போ எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. உள்ள இருக்கற தடுப்புக் குழாயை, நீங்க டிபி கில்லர்னு சொல்றீங்களே அதை, கழட்டிப் போட்டுட்டு ஓட்டறாங்க. வெளியில முகம் தெரியற அளவுக்குத் தேய்க்கிறது, உள்ளே இருக்கற உயிர் நாடியை உருவிப் போடறது. பேரே சைலன்சர். அந்தப் பேருக்கு உண்டான வேலையைச் செய்ய விடாம அதுக்கு என்னத்துக்குப் பாலிஷ்?

போன ஐப்பசியில நடந்ததைச் சொல்றேன். என் தங்கச்சி மகன் கோயம்புத்தூர்ல வேலை பாக்கறான். லீவுக்குக் கூட்டாளிங்க மூணு பேரோட பைக்ல வந்தான். புது சைலன்சர், முழு எவர்சில்வர். காலையில முத்தத்துல உக்காந்து ரெண்டு மணி நேரம் துடைச்சான். "என்ன மாமா, எப்படி மின்னுது?"ன்னு கேட்டான். நல்லாத்தான் இருந்துச்சு. நானும் சிரிச்சிக்கிட்டே, "உன் அத்தை குத்துவிளக்கைக்கூட இப்படித் துடைக்க மாட்டா"ன்னு சொன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சரை இருக்கும். பச்சைத் தேயிலையை எடை போட்டுக் கொடுத்துட்டு என் வீட்டுக்காரி ரோட்டோரமா நடந்து வர்றா. பத்தடிக்கு மேல எதுவும் தெரியாத மஞ்சு. நகரத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மஞ்சு இறங்கிட்டா எங்களுக்குக் கண்ணு கிடையாது. காதும் மூக்கும்தான். மூங்கில் ஒடியற சத்தம், காதை விசிறி மாதிரி அடிக்கிற சத்தம், வயித்துக்குள்ள உருமற சத்தம், அப்புறம் அந்த வாடை. இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சதும் நின்னுடுவோம். நின்னு, சத்தமில்லாம வந்த வழியே திரும்பிடுவோம். ஸ்கூல் போற பிள்ளைங்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கோம். பேசாம நட, காதைத் திறந்து வெச்சுக்க. எங்க ஊர்ல யானைகிட்ட செத்தவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. மஞ்சுல நடக்கறது எங்களுக்கு தினம் ஒரு பரீட்சை.

அந்த நேரத்துல நாலு பைக்கும் ஊர் சுத்திட்டு அவளைத் தாண்டிப் போகுது. முன்னாடி போனது என் மருமகன் வண்டிதான். அவ அத்தைன்னு மஞ்சுல அவனுக்குத் தெரியலை. வெடிச் சத்தம் வளைவு தாண்டி அடங்கற வரைக்கும் அவளுக்கு வேற எதுவும் கேக்கலை. அடங்கினப்போ யானை இருபதடி தூரத்துல ரோட்டுக்கு ஏறி நிக்குது. வண்டிச் சத்தத்துல மிரண்டு காட்டுலயிருந்து ரோட்டுக்கு வந்திருக்கு. அவ தேயிலைச் செடிக்குள்ள குதிச்சு உருண்டதால உயிர் தப்பிச்சா. வலது மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. ரெண்டு மாசம் கொழுந்து பறிக்க முடியலை. எங்களை மாதிரி ஒரு ஏக்கர் வெச்சிருக்கறவங்க வீட்டுல ஒரு கை போனா, பாதிக் கூலி போன மாதிரி.

ராத்திரி ஆஸ்பத்திரியில மருமகன் தலையைத் தொங்கப் போட்டு நின்னான். "தெரியாம நடந்துடுச்சு மாமா." தெரியாமதான். அதைத்தான் நானும் சொல்றேன். இந்தச் சத்தத்தால தெரியாமப் போறது ரெண்டு பக்கமும் நடக்குது. ஓட்டறவனுக்கு வெளியில என்ன இருக்குன்னு தெரியாது. வெளியில இருக்கறவனுக்கு எதிர்ல என்ன வருதுன்னு தெரியாது.

உங்க பக்கத்து வாதமும் எனக்குத் தெரியும். என் மருமகனே சொன்னான். "சத்தமா போனாத்தான் மாமா யானை விலகும். லாரிக்காரனும் நம்மளைக் கவனிப்பான்." லாரிக்காரன் கவனிக்க ஹாரன் இருக்கு, லைட் இருக்கு. குழாய்ச் சத்தம் பெரும்பாலும் பின்னாடிதான் போகுது. எதிர்ல வர்றவனுக்கு அது கடைசியாத்தான் எட்டும். யானை விலகும்ங்கிறது பாதி உண்மை. விலகும், ஆனா எங்கே விலகும்? ரோட்டை விட்டு எங்க தேயிலைக்குள்ளயும் வாழைக்குள்ளயும் விலகும். நீங்க தாண்டிப் போயிடுவீங்க. மிரண்ட யானையோட ராத்திரி முழுக்க இருக்கறவன் நான்.

யானை பேச்சைப் பத்தி ஒரு சேதி. 1984ல அமெரிக்காவுல போர்ட்லாந்து மிருகக்காட்சி சாலையில கேட்டி பெய்ன்ங்கிற அம்மா ஆசிய யானைங்க பக்கத்துல நின்னப்போ, காதுல கேக்காம நெஞ்சுல ஒரு அதிர்வை உணர்ந்தாங்க. பதிவு பண்ணிப் பாத்தா, மனுசக் காதுக்கு எட்டாத அடிச் சத்தத்துல யானைங்க பேசிக்கிட்டு இருந்திருக்கு. செகண்டுக்கு இருபது அதிர்வு, அதுக்கும் கீழே. இப்போ கணக்குப் போடுங்க. ஒத்தை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் வண்டி நிமிஷத்துக்கு 2400 சுத்து ஓடினா, செகண்டுக்கு இருபது தடவை வெடிக்குது. நீங்க "பேஸ் சூப்பரா இருக்கு"ன்னு ரசிக்கிற சத்தம், குட்டியைத் தாய் கூப்பிடற இடத்துல போய் நிக்குது.

சட்டமும் இருக்கு. கம்பெனியிலயிருந்து வர்றப்போ 175 சிசிக்கு மேல உள்ள பைக் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. பத்து டெசிபல் கூடினா சத்தத்தோட பலம் பத்து மடங்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம், சத்த விதியை மீறினா பத்தாயிரம் ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், லைசென்சும் மூணு மாசம் போகும். வண்டியை இஷ்டத்துக்கு மாத்தினதுக்குத் தனியா அபராதம். பந்திப்பூர்ல 2009லயிருந்து ராத்திரி ஒம்போது மணியிலயிருந்து காலை ஆறு வரைக்கும் ரோட்டை மூடறாங்க. 2024 மே மாசத்துலயிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வாங்கித்தான் வர்றீங்க. எத்தனை வண்டி வருதுன்னு எண்ணியாச்சு. எவ்வளவு சத்தத்தோட வருதுன்னும் செக்போஸ்ட்ல அளக்கணும். பிளாஸ்டிக் பாட்டிலைப் பையைத் திறந்து தேடறாங்க இல்லையா, அதே மாதிரி குழாய்க்குள்ள தடுப்பு இருக்கான்னு ஒரு டார்ச் அடிச்சுப் பாத்தா போதும்.

வெளியூர்க்காரங்களை மட்டும் சொல்லி நான் தப்பிக்கக் கூடாது. எங்க ஊர்ப் பிள்ளைங்களும் சூண்டியிலயிருந்து கூடலூர் வரைக்கும் இதே சத்தத்தோடதான் போறாங்க. என் பழைய ஜீப்புல சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தப்போ, கொழுந்து விலை இறங்கியிருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு மூணு மாசம் அப்படியே ஓட்டினேன். அந்த மூணு மாசமும் யாரோட காதை நான் அடைச்சேனோ. அன்னைக்கு என்கிட்ட ஒருத்தரும் கேக்கலை. கேட்டிருக்கணும்.

என் மருமகன் அந்தத் தடுப்புக் குழாயைத் திரும்ப மாட்டிட்டான். பொங்கலுக்கு வந்தப்போ அவன் வந்ததே வீட்டுல யாருக்கும் தெரியலை. வாசல்ல நின்னு "அத்தை"ன்னு கூப்பிட்டப்போதான் தெரிஞ்சது. காலையில பழையபடி முத்தத்துல உக்காந்து துணியும் சோப்பும் வெச்சுத் துடைச்சான். நான் தண்ணி மோந்து கொடுத்தேன். துடைக்கிறதுல எனக்கு ஒரு தகராறும் இல்லை. வண்டியை நல்லா வெச்சுக்கறவன் நல்ல பிள்ளைதான்.

அடுத்த தடவை எங்க பக்கம் வர்றதுக்கு முன்னாடி, துடைச்சு முடிச்ச கையோட அந்தக் குழாய்க்குள்ள ஒரு தடவை எட்டிப் பாருங்க தம்பிகளா. தடுப்பு இருந்தா வாங்க, வீட்டுல டீ இருக்கு. இல்லைன்னா மாட்டிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரிக்கு இன்னும் மழைக்காலத்துல மணிக்கட்டு வலிக்குது. இப்பவும் சாயங்காலம் அவ அதே ரோட்டுலதான் நடந்து வர்றா.